தோட்ட ஆபிஸ் கணினி வீட்டிலிருந்து எட்டவில்லை: ரிமோட் டெஸ்க்டாப், எனிடெஸ்க் ரெண்டுமே தகராறு

செம்பனைக் கிராணி (ஊத்தான் மெலிந்தாங்)
திங்கள், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். ஊத்தான் மெலிந்தாங் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி (ஆபிஸ் எழுத்தர்) வேலை பார்க்கிறேன். ஆபிஸில் மூன்று கணினி. முதலாவதில் செக்ரோலும் (ஆள் வருகைப் பதிவு) சம்பளமும். அது விண்டோஸ் 11 புரோ. இரண்டாவதில் குலை எடைக் கணக்கும் இ-இன்வாய்ஸும். அது விண்டோஸ் 10 ஹோம். மூன்றாவது மானேஜர் லேப்டாப், அதை விட்டுவிடுங்கள். ஃபைபர் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டது, தோட்டத்துக்குள் வரவில்லை. ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கும் 4ஜி சிம் ரௌட்டர்தான் இன்டர்நெட்.

சம்பளம் 7ஆம் தேதிக்குள் கைக்குப் போயாக வேண்டும், அது சட்டம். மண்டோர்கள் (கங்காணிகள்) செக்ரோல் புத்தகத்தைக் கொண்டுவந்து வைப்பதே பொழுது சாயும் நேரத்துக்கு. அதற்கு மேல் ஆபிஸில் உட்கார்ந்து பதிந்துவிட்டு இருட்டில் தோட்டத்து ரோட்டில் மோட்டாரில் வருவதை விட, டவுனில் என் வீட்டிலிருந்தே பதிந்துவிடலாம் என்று நினைக்கிறேன். கிள்ளானில் இருக்கும் எங்கள் தலைமையகக் கணக்குப் பகுதியும் உள்ளே வந்து பார்க்க வழி கேட்கிறது.

தகராறு இதுதான். ஆபிஸ் வைஃபைக்குள்ளேயே மானேஜர் லேப்டாப்பிலிருந்து, அவர் கணக்கில், சம்பளக் கணினிக்கு ரிமோட் டெஸ்க்டாப் (விண்டோஸோடு வரும் தொலை அணுகல்) போட்டால் திறக்கிறது. ஆனால் சம்பள மென்பொருளைத் தொட்டால் "கீ இல்லை" என்கிறது. டோங்கல் (மென்பொருள் உரிமத்துக்கான யூஎஸ்பி சாவி) அந்தக் கணினியின் பின்னால்தான் குத்தியிருக்கிறது! வீட்டிலிருந்து போட்டால் அதுவும் இல்லை, கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு இணைக்க முடியவில்லை என்கிறது. இரண்டாவது கணினியில் ரிமோட் டெஸ்க்டாப்பை ஆன் செய்யும் பொத்தானே வேலை செய்யவில்லை. எனிடெஸ்க் (தூரத்துக் கணினியின் திரையைக் காட்டும் தனி நிரல்) போட்டால் வருகிறது, ஆனால் ஏதாவது இன்ஸ்டால் செய்யப் போனால் திரை அப்படியே நின்றுவிடுகிறது. இடி இடித்து கரண்ட் போனால் மறுநாள் காலை வரை எதுவுமே கிடையாது.

கம்பெனியின் கணினிக்காரரைக் கூப்பிட்டால் "அடுத்த வாரம் வரேன்" என்பதே பதில்.

---

கிள்ளான் வயர்மேன்
திங்கள், இரவு 10.15

அண்ணே, நீங்க ஒரே பிரச்சனைன்னு நினைக்கிறது அஞ்சு பிரச்சனை. ஒன்னொன்னா பிரிச்சாத்தான் தீரும். முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க:

ரௌட்டரோட செட்டிங் பக்கத்துக்குள்ள போய் வேன் ஐபி (சிம் கம்பெனி ரௌட்டருக்குக் கொடுத்த முகவரி) என்னன்னு பாருங்க. அப்புறம் கூகுள்ல "என் ஐபி என்ன"ன்னு தேடுங்க. ரெண்டும் ஒன்னா, வேறயா?

காலையில கணினியைத் திறக்க பாஸ்வேர்ட் அடிக்கிறீங்களா, நாலு இலக்கப் பின்னா?

ராத்திரி ஆபிஸ் பூட்டும்போது கணினியை ஆன்லயே விட்டுட்டு வர்றீங்களா? வயர்ல போகுதா, வைஃபையா?

---

லாபிஸ் மச்சான்
திங்கள், இரவு 10.31

இதுக்கு எதுக்கு இவ்ளோ கேள்வி லா. ரௌட்டர்ல போர்ட் ஃபார்வர்ட் போய் ரிமோட் டெஸ்க்டாப்போட வாசல் எண் 3389ஐ அந்தக் கணினிக்குத் திறந்து விடுங்க. வீட்டிலிருந்து பப்ளிக் ஐபி அடிங்க, வேலை முடிஞ்சது. எங்க கடையில அப்படித்தான் ஓடுது, ஒரு பிரச்சனையும் இல்ல.

---

கிள்ளான் வயர்மேன்
திங்கள், இரவு 10.44

மச்சான், அதை மட்டும் இங்க சொல்லாதீங்க. 3389ஐ இன்டர்நெட்டுக்கு நேரா திறந்து வச்சா உலகத்துல இருக்கிற எல்லா ரோபோவும் வந்து கதவைத் தட்டும். 2019 மே மாசம் புளூகீப்ன்னு ஒன்னு வந்துச்சே, பாஸ்வேர்டே இல்லாம ரிமோட் டெஸ்க்டாப் வழியா உள்ள நுழையிற ஓட்டை. ஆதரவு எப்பவோ முடிஞ்சுபோன விண்டோஸ் எக்ஸ்பிக்குக் கூட மைக்ரோசாஃப்ட் இறங்கி வந்து ஓட்டையை அடைக்கிற பேட்ச் கொடுத்துச்சு. அவ்வளவு பயந்தாங்க. கணக்கை மொத்தமா பூட்டி வச்சுட்டு காசு கேட்கிற கும்பல் பல இடத்துல நுழையிற வாசல் இதேதான்.

போர்ட் நம்பரை 3389லிருந்து வேற எண்ணுக்கு மாத்தினாலும் பெரிய பாதுகாப்பு இல்ல. கண்டுபிடிக்க அவனுக்குக் கொஞ்சம் நேரம் கூட ஆகும், அவ்வளவுதான்.

உங்க கடைக் கணினியில ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், செக்யூரிட்டிக்குள்ள 4625ன்னு வடிகட்டிப் பாருங்க. தோத்துப்போன லாகின் எல்லாம் அதுல இருக்கும். பார்த்துட்டு வந்து பேசுங்க.

---

லாபிஸ் மச்சான்
திங்கள், இரவு 10.50

நாளைக்குப் பார்க்கறேன். எங்க கடையில திருட என்ன இருக்கு, சாமான் லிஸ்ட்தான்.

---

செம்பனைக் கிராணி
செவ்வாய், மதியம் 1.05

பசியாறிவிட்டு வந்து முதல் வேலையாகப் பார்த்தேன். ரௌட்டரில் வேன் ஐபி 100.82 என்று தொடங்குகிறது. கூகுள் காட்டுவது முற்றிலும் வேறு எண். கணினி திறக்கப் பின் எண்தான், பாஸ்வேர்ட் கடைசியாக எப்போது அடித்தேன் என்றே ஞாபகம் இல்லை. ராத்திரி ஆன்லேயே விட்டுவிட்டுத்தான் வருகிறேன், மானிட்டரை மட்டும் அணைப்பேன். வைஃபை.

---

கிள்ளான் வயர்மேன்
செவ்வாய், மதியம் 1.40

நினைச்சேன். 100.64லிருந்து 100.127 வரைக்கும் உள்ள எண்ணெல்லாம் டெலிகோ தனக்குள்ள வச்சுக்கிற எண். சிஜிநாட்ன்னு சொல்லுவாங்க. பல வாடிக்கையாளருக்குச் சேர்த்து வெளியில ஒரே பப்ளிக் ஐபி. லயத்துல இருக்கிறவங்க எல்லாருக்கும் கடிதம் தோட்ட ஆபிஸ் முகவரிக்கே வருமே, அந்த மாதிரி. நீங்க வெளிய அனுப்பலாம், பதிலும் வரும். ஆனா வெளியாள் தானா வந்து உங்க வீட்டுக் கதவைத் தட்ட முடியாது, எந்த வீடுன்னு அவனுக்குத் தெரியாது.

அதனால மச்சான் சொன்ன போர்ட் ஃபார்வர்ட் உங்க ரௌட்டர்ல நாள் பூரா போட்டாலும் வேலை செய்யாது. நல்லதாப் போச்சு, உங்களை அந்த வம்புலேருந்து டெலிகோவே காப்பாத்திருச்சு.

வழி என்னன்னா, ஆபிஸ் கணினி தானே வெளிய போய் ஒரு சுரங்கம் போட்டு வச்சிருக்கணும். ரெண்டு விதம் இருக்கு.

ஒன்னு டெயில்ஸ்கேல். உள்ளுக்குள்ள வயர்கார்ட்ங்கிற விபிஎன்தான் ஓடுது. ஆபிஸ் கணினியிலயும் வீட்டு லேப்டாப்லயும் போட்டு ஒரே கணக்குல நுழைஞ்சா ரெண்டுக்கும் ஒரு எண் கொடுக்கும். அந்த எண்ணை ரிமோட் டெஸ்க்டாப்ல அடிக்க வேண்டியதுதான். குழம்பிடாதீங்க, டெயில்ஸ்கேல் கொடுக்கிற எண்ணும் 100ல தான் தொடங்கும், அது வேற இது வேற.

இன்னொன்னு, கிள்ளான் தலைமையகத்துல ஃபைபர் இருந்து உண்மையான பப்ளிக் ஐபியும் இருந்தா, அங்க ரௌட்டர்லயே வயர்கார்ட் சர்வர் வைக்கலாம். தோட்டத்துக் கணினி அங்க போய் ஒட்டிக்கும். கீப்அலைவ்ன்னு ஒரு இடம் இருக்கும், அதுல 25 போடுங்க. இல்லேன்னா கொஞ்ச நேரம் சும்மா இருந்தா டெலிகோ பக்கம் வழியை மூடிரும். கம்பெனி விஷயம்ங்கிறதால எனக்கு ரெண்டாவது வழிதான் பிடிக்கும், சாவி எல்லாம் கம்பெனி கையிலயே இருக்கும். டெயில்ஸ்கேல்ன்னா வணிகப் பயன்பாட்டுக்கு எந்தத் திட்டம்னு பார்த்து வாங்கச் சொல்லுங்க.

டெயில்ஸ்கேல் போட்டா ரெண்டு விஷயத்தை மறக்காதீங்க. அன்அட்டென்டட்ல ஓடுற தேர்வை ஆன் பண்ணணும். இல்லேன்னா கணினி ரீஸ்டார்ட் ஆகி யாரும் லாகின் பண்ணாம நின்னா சுரங்கமும் வராது. அப்புறம் ஆபிஸ் கணினிக்கு மட்டும் டெயில்ஸ்கேல் கீ காலாவதியை (மறுபடி லாகின் கேட்கிறதை) நிறுத்துங்க. சும்மா விட்டா 180 நாள்ல காலாவதியாகும், அதுவும் பார்த்து சம்பள வாரத்துலதான் ஆகும்.

---

கூலிம் கணினி டீச்சர்
செவ்வாய், மாலை 4.20

இரண்டாவது கணினி பற்றி நான் சொல்கிறேன். பள்ளியின் கணினிக் கூடத்தில் இந்தக் கேள்வி ஓயாமல் வரும். விண்டோஸ் ஹோம் பதிப்பிலிருந்து வெளியே இன்னொரு கணினிக்குப் போகலாம். ஆனால் அந்தக் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக யாரும் வர முடியாது. புரோ பதிப்பில்தான் உண்டு. பொத்தானில் கோளாறு எதுவும் இல்லை. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் எந்தப் பதிப்பு என்று தெரியும்.

ஹோமிலும் வரவைக்கும் "ராப்பர்" என்று ஒரு நிரல் இணையத்தில் உலவுகிறது. தயவுசெய்து அதை ஆபிஸ் கணினியில் போடாதீர்கள். விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாள் நின்றுவிடும், வைரஸ் தடுப்பானும் அதைப் பிடித்துக் கூண்டில் போடும், உரிமமும் இடிக்கும். ஹோமிலிருந்து புரோவுக்கு மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே காசு கட்டி மாறலாம், மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் செலவழிக்கும் முன் ஒன்று. விண்டோஸ் 10க்கு ஆதரவு 14 அக்டோபர் 2025இல் முடிந்துவிட்டது. நீட்டிப்புப் பாதுகாப்பில் பதியாமல் இருந்தால் அந்தக் கணினிக்குப் பேட்ச் வருவதில்லை. இ-இன்வாய்ஸ் ஓடும் கணினி அது. புரோவுக்குக் காசு கட்டும் முன் முதலில் 11க்கு மாறுங்கள்; பெட்டி பழசாக இருந்து 11 ஏறவில்லை என்றால் பெட்டியையே மாற்றச் சொல்லி மானேஜரிடம் எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டால் நடக்காது.

அதுவரை குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போடலாம். ஹோமிலும் ஓடும், சிஜிநாட்டையும் தாண்டும். குறைந்தது 6 இலக்கப் பின் கேட்கும். ஆனால் அது கூகுள் கணக்கோடு கட்டியது. ஒரு கிராணியின் சொந்த ஜிமெயிலில் கட்டிவிட்டால் அவர் வேலையை விட்டுப் போகும்போது வாசலும் அவரோடு போகும். ஆபிஸுக்கென்று ஒரு கணக்குத் திறந்து, இரண்டடுக்குச் சரிபார்ப்பும் போட்டுக்கொள்ளுங்கள்.

---

செம்பனைக் கிராணி
புதன், இரவு 8.55

நன்றி டீச்சர், நன்றி வயர்மேன் தம்பி. தலைமையகத்தில் கேட்டதற்கு யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், ஆகையால் மானேஜர் சம்மதத்தோடு இப்போதைக்கு டெயில்ஸ்கேல் போட்டுப் பார்த்தோம். வீட்டிலிருந்து கணினி வரை எட்டுகிறது! இப்போது "உங்கள் விவரம் சரியில்லை" என்று தள்ளிவிடுகிறது. பின் சரியாகத்தான் அடிக்கிறேன்.

---

கிள்ளான் வயர்மேன்
புதன், இரவு 9.10

பின் நம்பர் அந்த மேசையில உட்கார்ந்திருக்கிறவருக்கு மட்டும்தான் அண்ணே. ரிமோட்டுக்கு பாஸ்வேர்ட் வேணும். பாஸ்வேர்டே வைக்காத கணக்கா இருந்தாலும் நெட்வொர்க் வழியா விடாது, அதுவும் விண்டோஸ் வழக்கம்தான்.

உள்ளூர்க் கணக்குன்னா பெயருக்கு முன்னால கணினியோட பெயரும் ஒரு பின்சாய்வும் சேர்த்து அடிங்க. இமெயில் போட்டு நுழையிற மைக்ரோசாஃப்ட் கணக்குன்னா, நாளைக்குக் காலையில ஆபிஸ்ல ஒரே ஒரு தடவை பின் அடிக்காம பாஸ்வேர்ட் அடிச்சு நுழைங்க. அந்தக் கணினி உங்க பாஸ்வேர்டை ஒரு தடவையாவது பார்த்திருக்கணும், அப்பத்தான் ரிமோட்ல ஒத்துக்கும்.

சும்மா திரும்பத் திரும்ப அடிக்காதீங்க. புது விண்டோஸ் 11ல 10 தடவை தப்பா அடிச்சா 10 நிமிஷம் பூட்டிக்கும்.

இன்னும் நல்லது, ரிமோட்டுக்குன்னே தனியா ஒரு சாதாரணக் கணக்கு திறந்து, நீளமா பாஸ்வேர்ட் வச்சு, ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்ல சேர்த்துடுங்க. அட்மின் கணக்குல வெளியிலிருந்து வர்ற பழக்கமே வேணாம்.

---

லாபிஸ் மச்சான்
புதன், இரவு 11.25

4625 பார்த்தேன். பக்கம் பக்கமா ஓடுது லா. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், ஸ்கேனர், யூசர்1... எங்க கடையில இந்தப் பேர்ல யாரும் இல்ல. நடுராத்திரியில ஒரு செகண்டுக்கு ஒன்னு வந்திருக்கு. போர்ட்டை மூடிட்டேன். ஆனாலும் ஒரு பய உள்ள வரலையே, அதையும் பாருங்க.

---

கிள்ளான் வயர்மேன்
புதன், இரவு 11.32

4624ஐயும் பாருங்க மச்சான், அது ஜெயிச்ச லாகின். அதுல லாகின் வகை 10ன்னு (ரிமோட் டெஸ்க்டாப் வழி) இருந்து, நீங்க தூங்கிக்கிட்டிருந்த நேரமா இருந்தா, அப்ப பேசுவோம்.

---

கணக்குக்காரி (கோலாலம்பூர்)
வியாழன், காலை 10.05

யாரும் டோங்கலைத் தொடவில்லையே. அதுதான் இந்த இழையின் முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்கு பார்த்துக் கொடுக்கும் வேலை எனக்கு. மாதத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒருவர் இதே கேள்வியோடு கூப்பிடுவார்.

ரிமோட் டெஸ்க்டாப்பும் எனிடெஸ்க்கும் ஒரே காரியத்தைச் செய்வதாக நினைக்கிறோம். இல்லை. எனிடெஸ்க், டீம்வியூவர், ரஸ்ட்டெஸ்க், குரோம் ரிமோட் எல்லாம் அந்த மேசையில் ஓடிக்கொண்டிருக்கும் திரையையே படம்பிடித்து உங்களுக்குக் காட்டுகின்றன. உங்கள் சுட்டி அங்கே நகர்வதை ஆபிஸில் இருப்பவர் பார்க்கலாம். ரிமோட் டெஸ்க்டாப் அப்படியல்ல, அது உங்களுக்கென்று ஒரு ரிமோட் அமர்வைக் கொடுக்கிறது. ஆபிஸ் திரை பூட்டிக்கொள்ளும், அங்கே உட்கார்ந்திருப்பவர் வெளியே தள்ளப்படுவார்.

பழைய சம்பள மென்பொருள்களில் பலவும் தொடங்கும்போது "நான் ரிமோட் அமர்விலா ஓடுகிறேன்?" என்று சோதிக்கும். ஒற்றைப் பயனர் டோங்கல் என்றால், ஆமாம் என்று தெரிந்ததுமே கீ இல்லை என்று சொல்லிவிடும். ஒரு உரிமம் வாங்கிவிட்டு பத்துப் பேர் வெளியிலிருந்து பயன்படுத்தக் கூடாதே, அதற்காக விற்பவர் வைத்த பூட்டு அது. டோங்கலைக் கழற்றி வேறு ஓட்டையில் குத்துவதாலோ டிரைவரை மாற்றுவதாலோ தீராது.

வங்கிக்கோ அரசாங்க இணையப் பக்கத்துக்கோ பயன்படுத்தும் டிஜிட்டல் சான்றிதழ் டோக்கனும் இந்தக் கதைதான். ஸ்மார்ட் கார்டு வகை டோக்கனை ஆபிஸ் கணினியில் குத்திவிட்டு வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்தால் அது கண்ணுக்கே தெரியாது. அந்த அமர்வு உங்கள் வீட்டு லேப்டாப்பில் குத்திய கார்டைத்தான் தேடும்.

ஆகவே சம்பளம் போடத் திரையைக் காட்டும் வகை மென்பொருள். கோப்பு எடுக்க, எக்செல் பார்க்க, ரிப்போர்ட் பார்க்க ரிமோட் டெஸ்க்டாப். 4ஜி கோட்டில் அதுதான் லேசாக ஓடும். இரண்டையும் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே ஓட்டலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்துவிட்டு அப்படியே பெட்டியை மூடினால் ஆபிஸ் திரை பூட்டியபடியே இருக்கும். பிறகு எனிடெஸ்க்கில் வந்தால் லாகின் திரைதான் தெரியும், அங்கே பாஸ்வேர்ட் அடித்து நுழைய வேண்டும். பலர் இதையே கோளாறு என்று புகார் செய்கிறார்கள்.

---

செம்பனைக் கிராணி
வியாழன், மதியம் 12.50

அக்கா, இதை மென்பொருள் விற்றவரிடம் கேட்டபோது "விண்டோஸை ஃபார்மேட் பண்ணுங்க" என்றார். நல்லவேளை செய்யவில்லை.

எனிடெஸ்க்கில் திரை நின்றுவிடுவது?

---

கூலிம் கணினி டீச்சர்
வியாழன், பிற்பகல் 2.30

எனிடெஸ்க்கை இன்ஸ்டால் செய்யாமல், இறக்கிய கோப்பை அப்படியே இருமுறை சொடுக்கி ஓட்டுகிறீர்கள் என்று தெரிகிறது. "இந்த நிரல் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா" என்று விண்டோஸ் கேட்கும்போது பின்னணியை இருட்டாக்கி ஒரு பாதுகாப்புத் திரைக்கு மாறும். இன்ஸ்டால் செய்யாத எனிடெஸ்க்கால் அந்தத் திரையைப் பார்க்க முடியாது. ஆபிஸில் யாராவது "எஸ்" அழுத்தும் வரை உங்களுக்கு நின்ற படம்தான். முறையாக இன்ஸ்டால் செய்தால் சர்வீஸாக ஓடும், அந்தக் கேள்வியும் தெரியும், ரீஸ்டார்ட் ஆனபின் தானாகவும் எழும்.

ஆனால் இலவச எனிடெஸ்க்கும் டீம்வியூவரும் சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. சம்பளம் போடுவது சொந்தப் பயன்பாடு ஆகாது. வணிகப் பயன்பாடு என்று டீம்வியூவருக்குச் சந்தேகம் வந்தால் ஐந்து நிமிடத்தில் இணைப்பை வெட்டும். காசு கட்ட மனமில்லை என்றால் ரஸ்ட்டெஸ்க் இருக்கிறது, திறந்த மூலம். நடுவில் நிற்கும் சர்வரைத் தலைமையகத்திலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு 21115லிருந்து 21119 வரை டிசிபி போர்ட்டுகள் வேண்டும், 21116க்கு மட்டும் யுடிபியும் சேர்த்து (இரண்டும் தரவு போகும் முறைகள்).

---

சித்தியவான் மெக்கானிக்
வியாழன், இரவு 7.45

இடி மின்னல் விஷயத்துக்கு நான் வரேன், அது என் பேட்டை. பேராக்ல இந்தப் பக்கம் சாயங்காலம் மழை வந்தா கரண்ட் போறது ஒன்னும் அதிசயமில்ல.

கணினி ஸ்டார்ட் ஆகும்போது பயாஸுக்குள்ள போங்க. பவர் பகுதியில ஏசி பவர் லாஸ்ன்னு ஒரு வரி இருக்கும். ஆஃப்ல இருக்கும், அதை பவர் ஆன்னு மாத்துங்க. கரண்ட் திரும்பினதும் தானா எழுந்துக்கும். அப்புறம் விண்டோஸ்ல ஸ்லீப் நெவர். டிஸ்பிளே அணையட்டும், அது பரவாயில்ல.

ரௌட்டரையும் யூபிஎஸ்ல போடுங்க. எல்லாரும் கணினியை மட்டும் யூபிஎஸ்ல போட்டுட்டு ரௌட்டரைச் சுவத்துல குத்தி வச்சிருப்பாங்க. கணினி உயிரோட இருக்கும், ரௌட்டர் செத்திருக்கும், என்ன பிரயோசனம்? பழைய 4ஜி ரௌட்டர்ன்னா விடியக்காலையில தானா ரீஸ்டார்ட் ஆகிற மாதிரி நேரம் போட்டு வைங்க, பல மாடல்ல அந்த வசதி இருக்கு.

வைஃபையை விட்டுட்டு ஒரு லேன் கேபிள் இழுங்க. பக்கத்து மேசைதானே.

மானிட்டர் அணைக்கிறேன்னு சொன்னீங்க. சில கிராஃபிக்ஸ் கார்டுல மானிட்டர் அணைஞ்சா திரையே இல்லைன்னு நினைச்சுக்கும், அப்ப எனிடெஸ்க்ல கருப்பாவோ குட்டித் திரையாவோ வரும். எச்டிஎம்ஐ டம்மி பிளக்ன்னு ஒன்னு விக்குது, கட்டை விரல் அளவுதான், ஆன்லைன்ல சல்லிசா கிடைக்கும். அதைப் பின்னால குத்தினா மானிட்டர் இருக்கிறதா கணினி நம்பிக்கும்.

---

கணக்குக்காரி
வெள்ளி, காலை 9.20

இன்னொன்று, கசப்பாக இருக்கும். அந்தச் சம்பளக் கணினியில் வேறு யாருடைய எனிடெஸ்க் ஏற்கனவே இருக்கிறது என்று பார்த்தீர்களா?

நான் பார்த்த ஒரு ஆபிஸில், மென்பொருள் பொருத்திக் கொடுத்தவர் எப்போதோ வைத்த ஆளில்லா அணுகல் பாஸ்வேர்ட் (இந்தப் பக்கம் யாரும் சம்மதம் அழுத்தாமலே உள்ளே விடுவது) அப்படியே கிடந்தது. வாடிக்கையாளர் எல்லாருக்கும் அவர் ஒரே பாஸ்வேர்ட் வைப்பார் என்று பிறகு தெரிந்தது. அந்தக் கணினியில் தொழிலாளர் அத்தனை பேரின் ஐசி எண், வங்கிக் கணக்கு, வெளிநாட்டுத் தொழிலாளர் பாஸ்போர்ட் எண், இபிஎஃப், சொக்சோ எல்லாம். கேட்டால் "சர்வீஸுக்கு வசதியா இருக்கும்னுதான்" என்றார்.

2025 ஜூன் 1லிருந்து தனிநபர் தரவுச் சட்டத்தில் புது விதி வந்துவிட்டது. பெரிய பாதிப்பு தரக்கூடிய தரவுக் கசிவு என்றால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குச் சொல்லியாக வேண்டும். அப்போது "விற்றவர்தான் வைத்தார்" என்பது பதிலாகாது, ஏனென்றால் தரவு உங்கள் கம்பெனியுடையது.

எனிடெஸ்க் கம்பெனியே தங்கள் சர்வர்களுக்குள் ஆள் புகுந்ததாக 2024 பிப்ரவரி 2ஆம் தேதி அறிவித்து, நிரல் தங்களுடையதுதான் என்று காட்டும் பழைய கையொப்பச் சான்றிதழையும் மாற்றியது. அதற்கு முந்தைய பதிப்பு கிடந்தால் கழற்றிவிட்டுப் புதியதைப் போடுங்கள். ஆளில்லா அணுகலில் பாஸ்வேர்டை மாற்றி, உங்கள் வீட்டு லேப்டாப்பின் எனிடெஸ்க் எண்ணையும் தலைமையகத்தின் எனிடெஸ்க் எண்ணையும் மட்டும் அனுமதிப் பட்டியலில் வையுங்கள். விற்றவருக்கு வேலை வந்தால் அன்றைக்கு நீங்களே "அக்செப்ட்" அழுத்துங்கள், முடிந்ததும் துண்டியுங்கள்.

---

லாபிஸ் மச்சான்
வெள்ளி, காலை 11.10

இதுல இன்னொரு கூத்து. எங்க அத்தைக்கு "பேங்க்லேருந்து பேசறோம், உங்க போன்ல எனிடெஸ்க் இறக்குங்க"ன்னு கால் வந்துச்சு. அத்தை "எனக்குப் படிக்கத் தெரியாது தம்பி, நீ நேர்ல வா, டீ போட்டுத் தரேன்"னு சொல்லி வச்சுட்டாங்க.

---

கூலிம் கணினி டீச்சர்
வெள்ளி, காலை 11.40

உங்கள் அத்தைக்கு என் வணக்கம். அப்படி யாராவது ஏமாந்து காசு போயிருந்தால் உடனே வங்கிக்கும் மோசடிப் புகார் எண்ணான 997க்கும் கூப்பிடச் சொல்லுங்கள். நேரம் போகப் போகக் காசு அடுத்தடுத்த கணக்குக்குத் தாவிவிடும்.

---

செம்பனைக் கிராணி
சனி, இரவு 8.30

நிலவரம் சொல்கிறேன். லேன் கேபிள் இழுத்தாயிற்று. பயாஸ் மாற்றினேன், நேற்றுச் சாயங்காலம் இடியில் கரண்ட் போய்த் திரும்பியது, வீட்டிலிருந்து பார்த்தால் கணினி தானாக எழுந்து நிற்கிறது. விற்றவரின் பழைய எனிடெஸ்க் பாஸ்வேர்ட் உண்மையாகவே இருந்தது, அக்கா சொன்னபடி எடுத்துவிட்டோம். மானேஜரிடம் உரிமம் வாங்க எழுதிக் கொடுத்திருக்கிறேன். டோங்கல் மென்பொருள் திரை காட்டும் வழியில் ஓடுகிறது.

இரண்டு விஷயம் பாக்கி. ரிமோட் டெஸ்க்டாப் மழை நேரத்தில் விட்டு விட்டு உறைகிறது. சம்பளச் சீட்டு ரிப்போர்ட்டை அதில் திறந்து பிரின்ட் கொடுத்தால் ஆபிஸில் இருக்கும் டாட் மேட்ரிக்ஸுக்குப் போகாமல் வீட்டில் மகளின் இங்க்ஜெட்டில் வருகிறது, அதுவும் பாதி வெட்டுப்பட்டு.

---

கிள்ளான் வயர்மேன்
சனி, இரவு 9.05

உறையறதுக்கு: ரிமோட் டெஸ்க்டாப் பெட்டியில ஷோ ஆப்ஷன்ஸ் திறந்து, எக்ஸ்பீரியன்ஸ்ல குறைந்த வேக பிராட்பேண்டைத் தேர்ந்தெடுங்க. வால்பேப்பர், அனிமேஷன் டிக் எல்லாம் எடுத்துடுங்க. டிஸ்பிளேல நிறம் 16 பிட் போதும், சம்பளச் சீட்டுக்கு என்ன அழகு. அதுக்கப்புறமும் உறைஞ்சா யுடிபியை நிறுத்திப் பாருங்க. வீட்டு லேப்டாப்ல குரூப் பாலிசியில, ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷன் கிளையன்ட்டுக்குக் கீழ, கிளையன்ட்ல யுடிபியை அணைக்கிற வரி இருக்கும். லேப்டாப் ஹோம் பதிப்புன்னா குரூப் பாலிசி இருக்காது, ரெஜிஸ்ட்ரியில போடணும், அப்ப சொல்லுங்க எழுதறேன். சிக்னல் தடுமாறுற கோட்டுல டிசிபி மட்டும் ஓடுறது பல நேரம் நிதானமா இருக்கும்.

பிரின்டருக்கு: அதே பெட்டியில லோக்கல் ரிசோர்சஸ்ல பிரின்டர்ஸ் டிக்கை எடுங்க. அது இருந்தா வீட்டு பிரின்டரை உங்ககூடவே ஆபிஸுக்குத் தூக்கிட்டுப் போய் அதையே முதல் பிரின்டரா வச்சுக்கும்.

---

கணக்குக்காரி
சனி, இரவு 9.30

டாட் மேட்ரிக்ஸில் ராத்திரி பிரின்ட் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. அரைத்தாள் சம்பளச் சீட்டு என்றால் 9.5க்கு 5.5 அங்குலத் தொடர்தாள். ஆபிஸ் கணினியில் பிரின்ட் சர்வர் பிராப்பர்ட்டீஸில் அந்த அளவை ஒரு பெயர் வைத்துச் சேமியுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு சீட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, பெயர் ஒரு தாளிலும் தொகை அடுத்த தாளிலும் வரும். அளவைச் சேமித்தாலும், யாரும் இல்லாத ஆபிஸில் ஓரத்துத் துளை பல்லிலிருந்து நழுவினால் நிறுத்த ஆள் கிடையாது. வீட்டிலிருந்து பிடிஎஃப் ஆகச் சேமித்து வையுங்கள், காலையில் போய்ப் பக்கத்தில் நின்று அடியுங்கள்.

---

செம்பனைக் கிராணி
சனி, இரவு 9.41

சரி அக்கா. தம்பி, லேப்டாப் ஹோம்தான். அந்த ரெஜிஸ்ட்ரி வரியை எழுதுங்கள்.

---

கிள்ளான் வயர்மேன்
சனி, இரவு 10.02

தனிச் செய்தியில அப்படியே ஒட்டற மாதிரி அனுப்பியிருக்கேன், இங்க எழுதினா எழுத்து மாறிப்போகும். ஓட்டறதுக்கு முன்னால ரெஜிஸ்ட்ரியை எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு நகல் வச்சுக்குங்க. மதிப்பு 1. போட்டுட்டு லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணுங்க, ஆபிஸ் கணினியைத் தொட வேணாம்.

---

ஜெராண்டுட் புதுசு
ஞாயிறு, காலை 7.15

எங்க தோட்டத்துல ஸ்டார்லிங்க் போட்டிருக்காங்க. எங்களுக்கும் இதே வழிதானா?

---

கிள்ளான் வயர்மேன்
ஞாயிறு, காலை 8.40

ஆமா. சாதாரணத் திட்டம்ன்னா அதுவும் சிஜிநாட்தான். மேல செவ்வாய்க்கிழமை எழுதினதைப் படிங்க, அப்படியே பொருந்தும். டிஷ்ஷையும் யூபிஎஸ்ல போடுங்க, அது 4ஜி ரௌட்டரை விட நிறைய கரண்ட் குடிக்கும், அதனால கொஞ்சம் பெரிய யூபிஎஸ்ஸா வாங்கச் சொல்லுங்க.